ஊர் சேரும் நேரத்தைக் குழந்தை தீர்மானிக்கட்டும்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் ஒரு கேள்வி மிகுதியாகக் கேட்கப்படும். "குழந்தையைக் காரில் ஊருக்கு அழைத்துப் போகலாமா?" என்பதே அது. பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை, தாராளமாகப் போகலாம் என்பதே எங்கள் விடை. தாத்தா பாட்டியின் வீடு, குலதெய்வக் கோயிலின் கொடை, ஆற்றுக் குளியல், ஒத்த வயதுப் பிள்ளைகளின் கூட்டம் ஆகியவற்றை எந்த மருந்தும் தர இயலாது.

ஆனால் அந்த விடைக்குப் பின் நாங்கள் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு. எப்போது கிளம்புகிறீர்கள்? குழந்தையை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள்? இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடியும்போது ஊரில் இருப்போம். குழந்தை மடியிலேயே தூங்கிவிடும்."

அன்பும் சிக்கனமும் கலந்த விடை அது. எனினும் அதற்குள் இரண்டு பெரிய ஆபத்துகள் இருக்கின்றன. இரவுப் பயணத்தையும் மடிப் பயணத்தையும் நம் குடும்பங்கள் கைவிட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இது பயண முறை பற்றிய அறிவுரை மட்டுமன்று. சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பும் குழந்தை, வழியிலும் நலமாக இருக்க வேண்டும் என்னும் கவலை.

இரவு யாருக்கு வசதி?

சென்னையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 620 கிலோமீட்டர். நான்குவழிச் சாலைகள் வந்த பிறகு இது ஓர் இரவுத் தொலைவாகிவிட்டது. இரவில் செல்வதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை நாங்கள் அறிவோம். வெயில் இல்லை, நெரிசல் குறைவு, குழந்தை தூங்கிவிடுவதால் தொல்லை இல்லை, ஒரு நாள் விடுப்பு மிச்சம். இவை அனைத்தும் உண்மையே. ஆனால் இவற்றில் எதுவும் வண்டி ஓட்டுபவரைப் பற்றியதன்று.

காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, மாலையில் மூட்டை கட்டி, இரவு பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும் தந்தையை எண்ணிப் பாருங்கள். வண்டி செங்கல்பட்டைத் தாண்டும்போது அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வண்டி ஓட்டுபவருக்கு நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் மதுவின் அளவு 0.03 விழுக்காடு. மது அருந்திய ஒருவரின் காரில் நம் குழந்தையை ஏற்ற மாட்டோம். உறக்கமில்லாத ஒருவரின் காரில் மட்டும் தயக்கமின்றி ஏற்றுகிறோம்.

பின்னிரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை மனித உடலில் உறக்க விசை மிக வலுவாக இருக்கும். அந்நேரத்தில் கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடுவது உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. நான்கு விநாடி கண்ணயர்ந்தால் 100 மீட்டர் தொலைவுக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றே பொருள். அந்த 100 மீட்டருக்குள், பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்ட லாரி ஒன்று இருந்தால் போதும். தேநீரும் பாட்டும் முகத்தில் அடித்துக்கொள்ளும் தண்ணீரும் சிறிது நேரத்துக்கு உறக்கத்தைத் தள்ளிப்போடலாம், நீக்கிவிட மாட்டா. உறக்கத்துக்கு மாற்று உறக்கம் ஒன்றே.

வாடகைக் கார் ஓட்டுநருக்கும் இது பொருந்தும். கிளம்பும் முன், "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் அண்ணா?" என்று கேட்பது குறை காண்பதாகாது. வழியில் தங்கும்போது நாம் அறையில் உறங்க, அவர் காருக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவருக்கும் ஒரு படுக்கைக்கு ஏற்பாடு செய்வது கருணை மட்டுமன்று. மறுநாள் நம் குழந்தைக்கான பாதுகாப்பும் ஆகும்.

நல்ல நேரம் பார்த்து விடியற்காலை நான்கு மணிக்கே வாசலைக் கடக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த நம்பிக்கையில் நாங்கள் குறுக்கிடவில்லை. குறித்த நேரத்தில் ஒரு பொருளை மட்டும் அடுத்த வீட்டில் வைத்துவிட்டு, பின்னர் வசதியான நேரத்தில் கிளம்பும் பரஸ்தானம் என்னும் வழக்கத்தை நம் முன்னோர் வைத்திருந்தனர். பையை நான்கு மணிக்கு அனுப்புங்கள். ஓட்டுபவர் ஆறு மணி வரை உறங்கட்டும்.

மடி பாதுகாப்பான இடமன்று

தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அது உண்மை. ஓடும் காரில் அது உண்மையன்று. இதில் அன்புக்கு வேலையில்லை, விசையே தீர்மானிக்கிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்கு ஒப்பான விசை தேவை. எந்தத் தாயின் கைகளாலும் இயலாத காரியம் அது. நெடுஞ்சாலையில் வேகம் இன்னும் கூடுதல். தாயும் குழந்தையும் ஒரே சீட் பெல்ட்டுக்குள் அமர்வது அதனினும் தீங்கானது. தாயின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். முன்னிருக்கையில் மடியில் வைத்திருப்பது எல்லாவற்றினும் கொடிது. ஏர்பேக் விரியும் வேகமே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். எனினும் பின்னிருக்கை பெல்ட்டுகளைச் சீட் கவருக்கு அடியில் மறைத்துத் தைத்துவிட்ட கார்கள் நம் ஊரில் ஏராளம். பயணத்துக்கு முன் டயரில் காற்றைப் பார்ப்பதுபோல், அந்தப் பெல்ட்டுகளை வெளியே எடுத்து, பூட்டிப் பார்க்க வேண்டும். ஏழு பேருக்கான வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணும்போது குழந்தைகளையும் தலைகளாக எண்ண வேண்டும்.

சிசுக்களுக்கும் தவழும், நடைபழகும் குழந்தைகளுக்கும், காரின் பின்புறத்தை நோக்கியவாறு பின்னிருக்கையில் பொருத்தப்படும் இருக்கையே ஏற்றது. அந்த இருக்கை அனுமதிக்கும் எடையும் உயரமும் வரும்வரை அதையே பயன்படுத்தலாம். பிறகு முன்னோக்கிய இருக்கை. அதன்பின், பெரியவர்களுக்கான பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர். இடுப்பெலும்பின் மீதும் தோளின் நடுவிலும் பெல்ட் சரியாகப் படிய, குழந்தை ஏறத்தாழ 145 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். அதற்கு முன் பெல்ட் கழுத்தையும் வயிற்றையும் அழுத்தும். சரியான இருக்கை, விபத்தில் சிசுக்கள் இறக்கும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது.

இருக்கையின் விலை பல குடும்பங்களுக்குச் சுமை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அண்ணன் குழந்தைக்கு வாங்கியதைத் தம்பி குழந்தைக்குத் தருவதில் தவறில்லை. அது விபத்துக்குள்ளான காரில் இருந்ததாகவோ, விரிசல் கண்டதாகவோ இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அதுவும் இயலாதபோது ரயிலே நல்ல துணை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை. இரவு முழுவதும் விழித்திருந்து வண்டியைச் செலுத்தும் பொறுப்பு குடும்பத்தில் எவர் தலையிலும் விழாது.

"உட்கார மாட்டேன் என்று அழுகிறானே" என்பார்கள். முதல் நாளே 600 கிலோமீட்டர் கட்டிவைத்தால் எவரும் அழத்தான் செய்வர். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே இருக்கையை வீட்டுக் கூடத்தில் வைத்து, அதில் விளையாட விடுங்கள். பிறகு காரில் பொருத்திக் கடைத்தெரு வரை போய் வாருங்கள். பழகிய இடத்தில் குழந்தை அமரும். அழுகை தாங்காமல் ஓடும் காரில் பெல்ட்டைக் கழற்றி மடியில் எடுப்பதைவிட, வண்டியை நிறுத்தி அழுகையை ஆற்றுவதே சரி.

இரண்டு நாள் பயணம் வீணாகுமா?

பகலில் செல்ல வேண்டும், அடிக்கடி நிற்க வேண்டும் என்றால் 620 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிப்பது கடினம். முடிக்க வேண்டாம் என்கிறோம். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 300. முதல் நாள் மாலை இருட்டுவதற்குள் திருச்சியில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடலாம். செலவு சற்றுக் கூடும். ஆனால் மறுநாள் ஊர் சேரும் குழந்தை, வாந்தியும் காய்ச்சலுமாக இரண்டு நாள் சுருண்டு படுக்காமல், இறங்கியதும் விளையாட ஓடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்த வேண்டும். சிசுக்களைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் வைத்திருக்கக் கூடாது. சாய்ந்த நிலையில் அவர்களின் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப் பாதையை நெருக்கும். வெளியே எடுத்து, சமமான இடத்தில் மல்லாந்து படுக்க வைத்து, கைகால்களை அசைக்க விட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த நேரம் இன்னும் குறைவு. கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதும் நின்ற வண்டியில்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் அல்லாமல், பெட்ரோல் பங்க், உணவகம், கோயில் போன்ற இடங்களின் வளாகத்துக்குள் நிறுத்துங்கள்.

இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பயண வாந்தி மிகுதி. வண்டி அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கண்ணோ கைப்பேசித் திரையில் அசையாத ஒன்றைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டுகிறது. அழுகையை நிறுத்தக் கையில் கொடுக்கும் கைப்பேசியே வாந்திக்கும் வழி செய்கிறது. அதைவிட, வெளியே தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வழியில் பார்ப்பதற்கா பஞ்சம்? செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாறு, விழுப்புரத்தைக் கடந்தால் தென்பெண்ணை, தொழுதூரில் வெள்ளாறு, திருச்சியில் கொள்ளிடமும் காவிரியும், மதுரையில் வைகை, இறுதியில் தாமிரபரணி. ஆறுகளை எண்ணிக்கொண்டே போகும் குழந்தைக்கு, தமிழ்நாட்டின் வரைபடம் பாடநூல் இன்றியே மனத்தில் பதிகிறது. இரவில் தூங்கிக்கொண்டே கடந்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது.

வயிறு முட்ட உண்ண வைத்துக் கிளம்பாதீர்கள். இட்லி, வாழைப்பழம் போன்ற எளிய உணவைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பயணத்தில் தூங்குவதற்கென்று சளி மருந்தோ ஒவ்வாமை மருந்தோ கொடுக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். வாந்திக்குப் பயன்படும் ப்ரோமெத்தசின் என்னும் மருந்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. மருத்துவர் எழுதித் தராத எந்த மருந்தும் வேண்டாம். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் கொடுப்பதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இருக்கட்டும். பொட்டலத்தின்மேல் எத்தனை மில்லி என்று எழுதியிருக்கிறதோ, அத்தனை நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். குழந்தை குடிக்கும் அளவு குறைவு என்று எண்ணி, குறைந்த நீரில் கரைத்தால் தீங்காகும்.

நிறுத்தங்களில் ஓர் எச்சரிக்கை. உறங்கும் குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு, "ஐந்து நிமிடம்தானே" என்று தேநீர் அருந்தப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் முதல் பத்து நிமிடங்களிலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் பல மடங்கு விரைவாகச் சூடேறும். உறக்கம் கலைந்தாலும் தூக்கிக்கொண்டே இறங்குங்கள்.

சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள்

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர், தொடர் சிகிச்சையில் உள்ள குழந்தையின் பெற்றோர். உங்களுக்குச் சில சொற்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

வலிப்பு நோய் உள்ள குழந்தைக்கு உறக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டக்கூடும். அக்குழந்தைக்கு இரவுப் பயணம் கூடவே கூடாது. மாத்திரையின் நேரமும் தவறக் கூடாது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்க வேண்டும். டிக்கியில், நான்கு பெட்டிகளுக்கு அடியில் இருந்தால் அவை இல்லாததற்குச் சமம். இன்சுலினை நின்ற காரின் வெப்பத்தில் விடக் கூடாது. பனிக்கட்டியின் மீது நேரடியாகவும் வைக்கக் கூடாது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைக்குப் பெல்ட் எங்கே படலாம், எத்தனை நாள் கழித்து நெடும்பயணம் செல்லலாம் என்பவற்றை வீட்டுக்கு அனுப்பும்போதே கேட்டறியுங்கள். சிகிச்சைச் சுருக்கத்தின் நகல் ஒன்று காரிலும், புகைப்படம் ஒன்று கைப்பேசியிலும் இருக்கட்டும். அவசரத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நேர்ந்தால், 2021-இல் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றினும் முக்கியமாக நாங்கள் சொல்ல விரும்புவது, வீடு திரும்பும் அந்த நாளைப் பற்றி. ஐந்து இரவுகள், பத்து இரவுகள் கட்டிலருகே நாற்காலியில் கண் விழித்த தந்தை, "டிஸ்சார்ஜ்" என்ற சொல்லைக் கேட்டதும் அன்றிரவே ஊருக்குக் கிளம்ப முனைகிறார். பணம் கட்டி, மருந்து வாங்கி, காகிதங்கள் கைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அவருடைய தவிப்பு நியாயமானது. சொந்த வீட்டின் வாசலை மிதித்தால்தான் நோய் முடிந்தது என்று மனம் நம்பும். ஆனால் அந்த ஊர் முழுவதிலும் அன்றிரவு வண்டி ஓட்டத் தகுதி மிகக் குறைந்தவர் அவரே. ஓர் இரவு நகரிலேயே தங்குங்கள். அல்லது நன்கு உறங்கிய உறவினர் ஒருவரை மறுநாள் காலை வண்டியோடு வரச் சொல்லுங்கள். "எப்போது, எதில், யார் ஓட்டிச் செல்கிறீர்கள்?" என்ற கேள்வி, மருந்துச் சீட்டைப் போலவே ஒவ்வொரு மருத்துவமனையின் விடைதரும் நடைமுறையிலும் இடம்பெற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மற்றவர்களுக்கும் பங்குண்டு

இப்பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. ஊரில் காத்திருக்கும் பெரியவர்கள், "மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று நேரம் குறிக்க வேண்டாம். பாதி வழியில் ஓட்டுபவரின் கைப்பேசிக்கு அழைத்து, "எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம். அழைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரை அழையுங்கள். "மெதுவாக வாருங்கள், நாளைக்கு வந்தாலும் சோறு இருக்கும்" என்று தாத்தா சொல்லும் ஒரு சொல், ஓட்டுபவரின் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து சற்றே எடுக்க வைக்கும். பண்டிகைக் காலத்தில் ஒரு நாள் கூடுதலாக விடுப்பு தரும் மேலாளரும் ஒரு குழந்தையின் பாதுகாப்புக்குத் துணை நிற்கிறார்.

குழந்தைக்குப் பசி, உறக்கம், சிறுநீர், சலிப்பு ஆகியவற்றுக்கென்று தனி நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு ஏற்பப் பயணத்தை அமைத்தால், வண்டி ஓட்டுபவருக்கும் தானாகவே ஓய்வு கிடைக்கும். இந்த விடுமுறையில் கிளம்பும் நாளைக் குறிக்கும்போது, ஊர் சேரும் நேரத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள். இருக்கையையும் தங்கும் இடத்தையும் முதலில் உறுதி செய்யுங்கள். அதன்பின் எங்களிடம் "போகலாமா?" என்று கேட்டால், மன நிறைவோடு சொல்வோம்: போய் வாருங்கள்.